பத்தாம் நாள் காய்ச்சல்: புற்றுநோய்ச் சிகிச்சையும் அதன் பக்கவிளைவுகளும்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் என் பெரியம்மா. மார்பகப் புற்றுநோய்க்கு முதல்முறை மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது. அடைமழைக் காலம், லயத்தில் எல்லாருக்கும் தடிமன். குளிர் பிடித்துவிட்டது என்று எண்ணி இரண்டு பனடோல் (பரசிட்டமோல்) மாத்திரை கொடுத்தோம். உடம்பு வியர்த்துச் சூடு தணிந்தது, நாங்களும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம். விடியற்காலையில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் காணவே தடுமாறினார். ஆட்டோ பிடித்து வைத்தியசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, குருதியில் வெண்குருதிக் கலங்கள் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டன என்றும் இரவே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், காய்ச்சல் கண்டால் உடனே வர வேண்டும் என்ற வரி அதில் இருந்தது, ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில். அதை எங்களுக்கு எவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

இக்கட்டுரை அந்த ஒரு வரியின் விரிவு. பக்கவிளைவு என்பது தலைவிதியும் அன்று, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் அன்று. ஒவ்வொரு சிகிச்சையும் உடம்பில் ஒரு குறிப்பிட்ட வழியில் வேலை செய்கிறது. அந்த வழியிலிருந்தே அதன் பக்கவிளைவும் பிறக்கிறது. அந்த வழியை அறிந்துகொண்டவருக்கு எதை வீட்டில் வைத்துச் சமாளிக்கலாம், எதற்கு நடுச்சாமத்திலும் புறப்பட வேண்டும் என்பது விளங்கிவிடும். கடந்த முப்பது ஆண்டுகளில் புற்றுநோய் வைத்தியம் கண்ட முன்னேற்றத்தில் பெரும்பங்கு, நோயைத் தாக்கும் மருந்துகளில் எவ்வளவு உண்டோ, அந்த மருந்துகளைத் தாங்கிக்கொள்ளச் செய்யும் வழிகளிலும் அவ்வளவு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

நம் உடம்பு பல இலட்சம் கோடிக் கலங்களால் ஆனது. கலங்கள் அளவோடு பிரிந்து பெருகும், முதிரும், மடியும். இந்த ஒழுங்கைக் காக்கும் மரபணுக்கள் பழுதடைந்து, ஒரு கலம் நிறுத்தமின்றிப் பிரிந்துகொண்டே போய், அருகிலுள்ள இழையங்களுக்குள் ஊடுருவி, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறு உறுப்புகளுக்குப் பரவும் நிலையையே புற்றுநோய் என்கிறோம்.

நாம் 'மருந்து ஏற்றுதல்' என்று சொல்லும் கீமோதெரபி, பிரிந்துகொண்டிருக்கும் கலத்தைத் தாக்குகிறது. தேயிலைச் செடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. செடியின் முற்றிய இலை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கொழுந்து மட்டும் வாரத்துக்கு வாரம் தளிர்க்கும். உடம்பிலும் கொழுந்து விடும் இடங்கள் உண்டு: முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்புக்குள் குருதி ஊறும் மச்சை. தளிர்க்கும் கலம் புற்றுநோயுடையதா, முடியுடையதா என்று இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரித்தறியத் தெரியாது; தளிர்ப்பது எதுவோ அதைப் பிடித்துக்கொள்கின்றன. முடி கொட்டுவதும், வாய் வேகுவதும், வயிறு இளகுவதும், குருதி குறைவதும் இதனால்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று இடைவெளி விட்டு மருந்து ஏற்றுவதற்கும் இதுவே காரணம். ஒரு மலையில் பறித்துவிட்டு, அடுத்த சுற்று வரும்வரை கொழுந்து தளிர்க்க விடுகிறோம் அல்லவா? அதுபோல, நல்ல கலங்கள் மீண்டு வரட்டும் என்று விடும் காலம் அது. நல்ல கலங்கள் புற்றுநோய்க் கலங்களைவிட விரைவாக மீள்கின்றன என்ற அந்த வித்தியாசத்தில்தான் இந்தச் சிகிச்சை முழுவதும் தங்கியிருக்கிறது.

இந்த வகை மருந்தின் தொடக்க வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கும் இடமுண்டு. 1947ஆம் ஆண்டின் இறுதியில் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அதுவரை எவரும் கண்டிராத வகையில் நோயைச் சில மாதங்களுக்கேனும் அடக்கிக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகத சுப்பாராவின் ஆய்வுக்குழு. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

இனி அந்தப் பத்தாம் நாளுக்கு வருவோம். கிருமிகளோடு முதலில் மல்லுக்கு நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வெண்குருதிக் கலம் குருதியில் ஏறத்தாழ ஒரு நாள் அளவே உயிர்வாழ்கிறது. செங்குருதிக் கலமோ 120 நாட்கள் வரை வாழும். மச்சையில் புதிய கலங்கள் ஊறுவது தடைப்பட்டால், குறைந்த ஆயுள் உடையதே முதலில் தீர்ந்துபோகும். ஆகவே பல மருந்துகளில், ஏற்றிய நாளிலிருந்து ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் நியூட்ரோஃபில்கள் மிகவும் தாழ்ந்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் நோயாளி தேறி வருவதுபோலவே இருப்பார். வாந்தி நின்றிருக்கும், சாப்பாடு இறங்கத் தொடங்கியிருக்கும். உள்ளே காவல் இல்லை. சாதாரண நாளில் உடம்பு தானாகவே விரட்டிவிடும் கிருமி, அந்த நாட்களில் சில மணி நேரத்துக்குள் குருதியில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். காயம் சீழ் கட்டுவதற்கும், சளி மஞ்சளாவதற்கும் வெண்குருதிக் கலங்கள் வேண்டும். அவை இல்லாதபோது காய்ச்சல் ஒன்றே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கலாம்.

நாங்கள் கொடுத்த பனடோல் அந்த ஒரே அடையாளத்தையும் அழித்தது. கிருமிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆதலால் மருந்து ஏற்றிக்கொண்டவர் உள்ள வீட்டில் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். அது 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, பழைய ஃபரன்ஹைட் வெப்பமானியில் 100.4ஐத் தொட்டாலோ, பனடோலைக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. முதலில் வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும், புறப்பட வேண்டும். சூடு ஏறாவிட்டாலும் குளிர் நடுக்கம், மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் அதுவும் அவசரமே. இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் எண் 1990. போய்ச் சேரும் இடம் பெரிய வைத்தியசாலையாக இல்லாவிட்டாலும், வாசலில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை 'காய்ச்சல்' அன்று. 'புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிப் பத்து நாள் ஆகிறது' என்பதே. அந்த ஒரு வாக்கியம் நோயாளியை வரிசையிலிருந்து முன்னால் கொண்டுபோகும், ஏனெனில் இந்தக் காய்ச்சலுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் குருதி நாளம் வழியாகத் தொடங்க வேண்டும் என்பதே வைத்தியர்கள் பின்பற்றும் முறை.

நியூட்ரோஃபில் தாழ்ந்துபோகாமல் மச்சையைத் தூண்டும் ஊசி 1991ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. ஆபத்து அதிகமுள்ள மருந்துக் கலவைகளுக்குப் பின் அதைப் போடுகிறார்கள். அந்த ஊசியைக் குளிரில் பாதுகாக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பினால், தோட்ட வைத்தியசாலையில் வைத்துப் போட்டுக்கொள்ள முடியுமா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பீலித் தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவைத்தே குடிக்க வேண்டும். குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைந்திருக்கும் நாட்களில் அட்டைக்கடியும் எளிதில் நிற்காமல் வடியும். அந்த நாட்களில் மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

வாந்தியைப் பற்றிய பயம் நம்மிடையே மிகப் பெரியது. அந்தப் பயத்தில் சிகிச்சையையே கைவிட்டவர்களை நான் அறிவேன். ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. வாய், தொண்டை, கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்குப் பெரிதும் பயன்படும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து, வாந்தியை அடக்க வழியில்லாத நாட்களில் நோயாளிகளைப் படாத பாடு படுத்தியது. குடலிலிருந்து மூளைக்குச் செரட்டோனின் வழியாகச் செல்லும் செய்தியே அந்த வாந்திக்குப் பெரும் காரணம் என்று கண்டுபிடித்து, அதை மறிக்கும் ஒன்டன்செட்ரோனைக் கொண்டுவந்தது பெரும் திருப்பம். மனநோய்க்கென்று இருந்த ஒலன்சபின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை, கடும் வாந்தியைத் தடுப்பதில் உதவுகிறது என்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது தூக்கத்தைக் கூட்டும். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. வாந்தியைத் தடுப்பதில் குறைவில்லை, பகல் தூக்கம் குறைந்தது. இந்த மாத்திரைகள் வாந்தி வருமுன் எடுக்க வேண்டியவை. குமட்டல் இல்லையே, மாத்திரையை மிச்சம் பிடிக்கலாம் என்று பெட்டிக்குள் வைத்துவிடுவது, மழை பெய்து முடிந்த பின் கூரைக்குத் தகரம் தேடுவது போலாகும்.

பெரியம்மாவுக்கு முதலில் ஏற்றிய சிவப்பு நிற மருந்து முடிந்து பக்லிடாக்செல் என்ற மருந்து தொடங்கியதும் விரல் நுனிகள் மரத்துப்போயின. அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை. சட்டையின் பொத்தானைப் போடத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டுதான் நாங்கள் அறிந்தோம். கண்ணை மூடிக்கொண்டே இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் நுள்ளி எடுக்கும் விரல்கள் அவை. அந்த மருந்து கலம் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிய இழைகளை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. நீண்ட நரம்புகளுக்குள் சத்தைக் கொண்டுசெல்லும் பாதையும் அதே இழைகளால் ஆனது என்பதால் விரல்களும் பாதங்களும் முதலில் அடிபடுகின்றன. இதற்கு முழுமையான மருந்து இன்னும் இல்லை. ஆனால் நேரத்தோடு சொன்னால் வைத்தியர் அளவைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், வேறு மருந்துக்கு மாற்றுவார். சொல்லாமல் விட்டால் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். கைத்தொழிலே வாழ்க்கையான ஒருவர், தாம் என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவைப்பது அவசியம். ஏட்டில் 'இலேசான மரப்பு' என்று பதிவாவது, ஒரு கொழுந்துக்காரருக்கு நாட்கூலி போவதாகும்.

இனி வாய்ப்புற்றுநோய். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. மலைக் குளிரில் உடம்பைச் சூடாக்கவும், பசியை மறக்கவும் வெற்றிலை போடும் நம் பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தி, 2004இல் அதன் விரிவான அறிக்கையை வெளியிட்டுவிட்டது. பாக்கு வாயின் உட்தோலை நாராக இறுக்குகிறது. நிமிர்த்திப் பிடித்த மூன்று விரல்கள் வாய்க்குள் நுழையாவிட்டால், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் இருந்தால், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால், பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதற்காக இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.

கழுத்தில் கட்டி ஏதும் தெரியாதபோதும் சத்திரசிகிச்சையில் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்கிறார்களே என்று பல குடும்பங்கள் கலங்குகின்றன. இதற்கு நல்ல காரணம் உண்டு. தொடக்கநிலை வாய்ப்புற்றுநோயில் கணுக்களை முதலிலேயே எடுத்தவர்களையும், பின்னர் நோய் தெரிந்தபோது எடுத்தவர்களையும் டாட்டா நினைவு மருத்துவமனை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டது. மூன்று ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தவர்கள் முதலாவது குழுவில் 80 வீதம், இரண்டாவதில் 67.5 வீதம்.

'கரண்ட் பிடித்தல்' என்று நாம் சொல்லும் கதிர்வீச்சில் மின்சாரம் ஏதும் உடம்புக்குள் பாய்வதில்லை. அதிக ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்கள் கலத்தின் டி.என்.ஏ.யை உடைக்கின்றன. வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கதிர்வீச்சு பெறுபவரின் உடம்பில் கதிர் தங்குவதும் இல்லை, ஆகவே அவர் பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். கதிர் பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் பக்கவிளைவு வரும். வாயில் பட்டால் உட்தோல் வெந்து புண்ணாகும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றும். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியைத் தவிர்த்துக் கொடுக்கும் முறையைப் பிரித்தானியாவில் பழைய முறையோடு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். ஓராண்டின் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சியோடு இருந்தவர்கள் பழைய முறையில் 74 வீதம், புதிய முறையில் 38 வீதம். சோற்றை விழுங்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டுமா இல்லையா என்பதே இந்த எண்களுக்குள் இருக்கும் வாழ்க்கை.

கதிர்வீச்சுத் தொடங்குமுன் பற்களைக் காட்டி, பிடுங்க வேண்டியவற்றைப் பிடுங்கி, ஈறு ஆற விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. வாயைக் கழுவ ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதி அளவு உப்பும் போதும். அதைக் கொண்டு நாளொன்றுக்குப் பல தடவை கொப்பளிக்கலாம். உணவுதான் வீட்டில் சண்டையாகிவிடுகிறது. ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் உண்டு பழகியவருக்கு அந்த இரண்டுமே எதிரியாகின்றன: ஒன்று கிழிக்கும், மற்றது எரிக்கும். குழைந்த சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்பு, அவித்து மசித்த முட்டை, பால் சேர்த்த கஞ்சி ஆகியவை இறங்கும். தேத்தண்ணியையும் ஆறவைத்தே குடிக்க வேண்டும். வாய் திறக்கும் பயிற்சியை வலி இருந்தாலும் விடக் கூடாது, ஏனெனில் இறுகிய தாடையைப் பின்னர் இளக்குவது மிகக் கடினம்.

கொழுந்தையெல்லாம் பிடிக்கும் மருந்துகளிலிருந்து, குறித்த அடையாளத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்துகளுக்கு வைத்தியம் நகர்ந்து வருகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஒரு பகுதியில் ஹெர்2 என்ற புரதம் கலத்தின் மேல் அளவுக்கு மிஞ்சி இருக்கும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப் அதைப் பற்றிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. அந்தப் புரதம் இதயத் தசைக்கும் வேண்டியது என்பதால், இம்மருந்து எடுப்பவர்களுக்கு இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2001இல் வந்த இமாட்டினிப், ஒரு வகைக் குருதிப் புற்றுநோயை நாள்தோறும் மாத்திரை விழுங்கி வாழக்கூடிய நோயாக மாற்றிவிட்டது. கட்டியின் துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது வீண் தாமதம் அன்று. எந்த அடையாளம் உள்ளது என்று அறியாமல் எந்த மருந்து என்று தீர்மானிக்க முடியாது.

நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் சிகிச்சையின் வழி முற்றிலும் வேறு. உடம்பின் காவற்கலங்கள் தன் உடம்பையே தாக்கிவிடாதிருக்க அவற்றில் தடுப்பான்கள் உண்டு, வண்டியின் பிரேக் போல. புற்றுநோய்க் கலம் அந்தப் பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பிவிடுகிறது. அந்தப் பிடியை விலக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை இந்த வகை. வேறு இடங்களுக்குப் பரவிய வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் 2016 முதல் இவை வந்தன. 2025இல் பெம்ப்ரோலிசுமாப்பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கொடுக்க, குறித்த நோயாளிகளுக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. விலைதான் எட்டாத உயரம். இங்கே மறுபடியும் மும்பையைச் சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம் என்பது வழமையான அளவாக இருக்க, அங்குள்ளவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். குணப்படுத்த இயலாத நிலைக்குப் போன தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஓராண்டின் பின் உயிரோடு இருந்தவர்கள் 16.3 வீதத்திலிருந்து 43.4 வீதமாக உயர்ந்தார்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது எத்தனையோ புதிய மருந்துகளைவிடப் பெரிய செய்தி.

பிரேக்கை விலக்கினால் காவற்கலம் தன் உடம்பின் மீதும் பாயலாம். குடலைத் தாக்கினால் வயிற்றோட்டம், நுரையீரலைத் தாக்கினால் இருமலும் மூச்சிரைப்பும், தைரொயிட்டைத் தாக்கினால் அசதி. மருந்து நின்று மாதங்கள் கழிந்தும் இவை வரக்கூடும். கடை மருந்தால் வயிற்றோட்டத்தைக் கட்டிவிட்டு இருந்துவிட்டால் குடல் ஓட்டையாகும் வரை போகலாம். நேரத்தோடு சொன்னால் ஸ்டீரொயிட் மருந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஒரே வயிற்றோட்டம், எந்த மருந்து எடுத்தவர் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு நோய்கள் என்பதை மறக்கக் கூடாது.

பெரியம்மாவின் சிகிச்சை முடிந்துவிட்டது. அக்குளின் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு இருப்பதால், அந்தக் கையில் தேயிலை வாது கீறினாலும் சோப்பால் கழுவிக்கொள்கிறார், சிவந்து சூடானால் உடனே காட்டுகிறார். இப்போது அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, வைத்தியசாலைப் பிரிவின் தொலைபேசி எண், 38 என்ற இலக்கம் ஆகியவை பெரிய தமிழ் எழுத்தில் இருக்கின்றன. மருந்தின் பெயரைப் பக்கத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாதி எழுதிக் கொடுத்தார். வெப்பமானி சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு இந்த மாதம் மருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஏழாம் நாளிலிருந்து காலையும் மாலையும் பெரியம்மாவே அதை எடுத்துக்கொண்டு அங்கே போய்வருகிறார்.